தள்ளி நில் என்று சொல்லும் கேமரா

ஒரு குற்றத்தை ஒத்துக்கொண்டுதான் இதைத் தொடங்க வேண்டும்.

மேலூரைத் தாண்டி, திருச்சி சாலையில் இருக்கும் கருங்காலக்குடிக்குப் பாறை ஓவியங்களைப் படம் எடுக்கப் போயிருந்தோம். நானும், விருதுநகரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் நண்பனும். ஓவியம் இருக்கும் பாறையின் நிழலில் ஓர் ஆத்தா உட்கார்ந்திருந்தார். சுற்றி ஏழெட்டு ஆடுகள். கேமராவை ஸ்டாண்டில் மாட்டிப் பார்த்தபோது அவர் தலை கட்டத்துக்குள் வந்தது. "ஆத்தா, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிக்கங்க" என்று சொன்னேன். சொன்னது நண்பன் இல்லை, நான்தான். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து, ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு வெயிலில் போய் நின்றார்.

ராத்திரி ஆமத்தூரில் பஸ்சை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் அது உறைத்தது. தள்ளி நில், எட்டிப் போ, ஒதுங்கு. என் தாத்தாவிடம் தெருவில் வைத்துச் சொன்னார்கள். என் அப்பாவிடம் டீக்கடையில் சொன்னார்கள். என்னிடம் நேராகச் சொல்வதில்லை, "சாருக்கு எந்த ஊரு? ஆமத்தூரா? ஆமத்தூர்ல எந்தப் பக்கம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். கேமரா கைக்கு வந்த அரை நாளில் அதே சொல்லை நான் இன்னொருவரிடம் சொல்லப் பழகிவிட்டேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

பாறை ஓவியங்களைப் புதுமையாகப் படம் எடுப்பது எப்படி என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். எந்த லென்ஸ், எந்த வெளிச்சம், எந்த மென்பொருள் என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விகள்தான். நானும் அந்தக் கிறுக்குப் பிடித்தவன்தான். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு கேள்வி மட்டும் வருவதே இல்லை. படம் எடுக்கும்போது யாரைத் தள்ளி நிற்கச் சொல்கிறோம்? புதுமை அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

*

முதலில் சரக்கைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலருக்குப் பாறை ஓவியம் என்றால் மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்கா. வாகண்கர் 1957இல் கண்டறிந்தது, 2003இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதற்கும் முன்னால், 1867–68இலேயே ஆர்ச்சிபால்டு கார்லைல் என்ற வெள்ளைக்கார அதிகாரி மிர்சாப்பூர் மலைகளில் ஓவியங்களைப் பார்த்துவிட்டார். ஐரோப்பாவில் ஸ்பெயின் நாட்டு அல்தமிரா குகை ஓவியங்கள் 1879இல்தான் கண்ணில் பட்டன. பட்டும் என்ன? காட்டுமிராண்டிக்கு இவ்வளவு அழகாக வரைய வராது, இது மோசடி என்றார்கள் படித்தவர்கள். 1902இல்தான் ஒத்துக்கொண்டார்கள். "உனக்கு இதெல்லாம் வராது" என்ற தீர்ப்பு நமக்குப் புதிதல்ல. குகை மனிதனுக்கும் அதே தீர்ப்பைத்தான் எழுதினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு அவன் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லபாடி, விழுப்புரம் பக்கம் கீழ்வாலை, செத்தவரை, நீலகிரியில் கரிக்கையூர், மதுரைப் பக்கம் கருங்காலக்குடி என்று பாறை ஓவியம் உள்ள இடங்கள் ஏராளம். மல்லபாடியில் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்கள். கீழ்வாலையில் செங்காவி. கருங்காலக்குடியில் வெள்ளைக் கோடுகள். அதே கருங்காலக்குடி மலையில் தமிழி எழுத்தும் இருக்கிறது, சமணப் படுக்கையும் இருக்கிறது, அச்சணந்தி பேர் சொல்லும் சமணச் சிற்பமும் இருக்கிறது. ஒரே கல்லில் பல காலங்கள். யார் யாரை அழிக்காமல் எழுதினார்கள் என்று பார்த்தாலே நமக்குப் பாதிப் பாடம்.

*

இனி படம் எடுத்த கதை.

முதல் மடத்தனம் என்னுடையது. ஓவியம் மங்கலாக இருந்தது. பாட்டில் தண்ணீரைத் தெளித்தால் பளிச்சென்று தெரியும் என்று கையை ஓங்கினேன். நண்பன் கையைப் பிடித்துவிட்டான். "மாப்ள, கல்லுல தண்ணி ஊத்தாத. இன்னைக்கித் தெரியும், நாளைக்கிப் போயிரும்." அவன் சொன்னது சரி. நனைந்த கல்லுக்குள் இருக்கும் உப்பு கரைந்து, காயும்போது மேலே வந்து வெள்ளைப் படலமாகப் படியும். ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு தடவை தெளித்தால் ஓவியத்துக்கு மேல் ஒரு திரை விழுந்துவிடும். சாக்பீசால் கோட்டை இழுத்துக் காட்டுவது, எண்ணெய் தடவுவது, விரலால் தேய்ப்பது எல்லாமே கொலைதான். பிரான்சில் லாஸ்கோ குகை 1940இல் கண்டுபிடிக்கப்பட்டது. பார்க்க வந்தவர்களின் மூச்சுக்காற்றே ஓவியத்தைக் கெடுக்கிறது என்று 1963இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். தொடாமல் பார் என்பதுதான் பாறை ஓவியப் படக்கலையின் முதல் சட்டம். தீண்டாமை என்ற சொல்லுக்கு நியாயமான பொருள் இருக்கக்கூடிய ஒரே இடம் இதுதான் என்று நான் சொன்னேன். நண்பன் சிரிக்கவில்லை.

இரண்டாவது பாடம் வெளிச்சம். கல்லில் வெட்டிய எழுத்துக்கும் செதுக்கிய உருவத்துக்கும் சாய்ந்த வெளிச்சம் வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில், கிட்டத்தட்டக் கல்லோடு கல்லாகச் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழும். எழுத்து எழுந்து வரும். இது எனக்கு வங்கியில் கற்ற வித்தை. ரூபாய் நோட்டைச் சாய்த்துப் பிடித்தால்தான் அதில் ஒளிந்திருக்கும் எண் தெரியும். நேராகப் பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. 2001இல் மால்ஸ்பெண்டர் என்பவரும் கூட்டாளிகளும் இதையே கணக்காக்கினார்கள். கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் பல கோணங்களில் மாற்றிப் பல படங்கள் எடுத்து, கம்ப்யூட்டரில் சேர்த்து, வெளிச்சத்தை நாம் விரும்பிய திசையில் நகர்த்திப் பார்க்கும் முறை.

ஆனால் வண்ண ஓவியத்துக்குச் சாய்ந்த வெளிச்சம் எதிரி. கல்லின் சொரசொரப்புதான் தெரியும், கோடு தொலைந்துபோகும். ஃப்ளாஷை நேராக அடித்தாலும் கல்லில் உள்ள படிகங்கள் மினுக்கும். பரவலான, மெத்தென்ற வெளிச்சம் வேண்டும். நண்பன் தன் வேட்டியை அவிழ்த்து (உள்ளே டவுசர் போட்டிருந்தான், கவலை வேண்டாம்) இரண்டு குச்சியில் கட்டி வெயிலுக்குக் குறுக்கே பிடிக்கச் சொன்னான். அப்படியும் படம் வெளிறித்தான் விழுந்தது.

அப்போதுதான் வெயிலில் நின்ற ஆத்தா பேசினார். "ஏப்பா, இந்நேரம் பாத்தா அது தெரியாது. பொழுது அந்தக் குண்டுக்கல்லுக்குப் பின்னாடி எறங்கட்டும். மசங்கலுக்கு முன்னாடி செத்த நேரம் நல்லாத் தெரியும். மழைக்கு ஒதுங்குறப்பவும் தெரியும்."

காத்திருந்தோம். பொழுது குண்டுக்கல்லுக்குப் பின்னால் இறங்கியது. நேர் வெயில் போய், வானத்து வெளிச்சம் மட்டும் பாறைக்குள் வந்தது. வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மனித உருவம் தெரிந்தது. அன்றைக்கு எடுத்ததில் உருப்படியான படங்கள் எல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்தில் எடுத்தவை. அந்தப் படங்களின் ஒளி அமைப்பாளர் அந்த ஆத்தா. கேமராக்காரன் வெறும் பொத்தானை அமுக்கினவன்.

காத்திருந்தபோது அவர் என்னைக் கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊரு?" "ஆமத்தூர், சிவகாசிப் பக்கம்." "எந்தத் தெரு?" நான் பழக்கதோஷத்தில், "பேங்க்ல வேல பாக்குறேன் ஆத்தா" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாங்க காலனிப்பா" என்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கேட்டதும் அவர்தான், மறைக்காமல் சொன்னதும் அவர்தான். நான் இரண்டு விதத்தில் தோற்றேன்.

*

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கேமராவின் அளவுமானி ஒரு மூடநம்பிக்கையோடு பிறந்தது. உலகத்தில் உள்ளதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது நம்புகிறது. கறுத்த பாறையைக் காட்டினால், "ஐயோ, இருட்டு" என்று அதிக வெளிச்சத்தை உள்ளே விட்டுப் பாறையைச் சாம்பலாக்கிவிடும். அதன் மேல் இருக்கும் வெள்ளைக் கோடு வெளிறிப்போகும். கறுப்பைக் கறுப்பாகப் பதிவுசெய்ய வேண்டுமானால் மெஷின் சொல்வதைக் கேட்காமல் நாமாகக் குறைத்து வைக்க வேண்டும்.

மனிதத் தோல் விஷயத்திலும் இதே கதைதான். கோடாக் கம்பெனி பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட அட்டையை வைத்துத்தான் வண்ணம் சரிபார்க்கக் கொடுத்தது. 'ஷெர்லி அட்டை' என்று பேர். கறுப்புத் தோல் அதில் சேறாக விழுந்தது. கறுப்பு மக்கள் சொன்னபோது மாறவில்லை. மரச்சாமான் விற்கிறவர்களும் சாக்லேட் விற்கிறவர்களும் எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று சொன்ன பிறகுதான் அக்கறை வந்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

என் நண்பனும் யோக்கியன் இல்லை. கல்யாண ஆல்பத்தில் பொண்ணு மாப்பிள்ளை இரண்டு பேரையும் வெளுப்பாக்குவதுதான் அவன் தொழில். "கறுப்பா விழுந்தா பணம் தர மாட்டாங்க மாப்ள" என்பான். ஆனால் பாறைக்கு முன்னால் அவன் வேறு ஆள். நிற அட்டை வைத்தான். பத்து சென்டிமீட்டர் அளவும் நிறக் கட்டங்களும் கொண்ட ஓர் அளவுகோலை உலகப் பாறை ஓவிய அமைப்புகளின் கூட்டமைப்பு இதற்கென்றே உருவாக்கியிருக்கிறது. அதை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான். "இங்க ஒரு நிறத்தையும் மாத்தக் கூடாது. மாத்துனா பொய்." பாறைக்குக் காட்டும் நேர்மையை நம் பிள்ளைகளின் முகத்துக்கு ஏன் காட்டக் கூடாது? இதை அவனிடம் கேட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

அடுத்தது மென்பொருள். கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மங்கிய ஓவியத்தை மேலே கொண்டுவர, ஜான் ஹார்மன் என்பவர் 2005 வாக்கில் 'டி-ஸ்ட்ரெச்' என்ற ஒன்றை உருவாக்கினார். விமானத்திலிருந்தும் விண்ணிலிருந்தும் எடுத்த நிலப் படங்களை ஆராய அமெரிக்க விண்வெளிக் கூடத்தில் உருவான கணக்குமுறை அது. சிவகாசிக்காரனுக்கு இதை விளக்குவது சுலபம். ஆப்செட் அச்சகத்தில் காலண்டர் படத்தை நாலு நிறமாகப் பிரித்து நாலு பிளேட் போடுகிறோம் அல்லவா? அந்த மாதிரி இதுவும் பிரிக்கிறது. மங்கிய காவியும் பாறையின் பழுப்பும் நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகின்றன. எண்களில் இம்மி வித்தியாசம் இருக்கிறது. அந்த இம்மியைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கி, மறுபடி ஒன்றுசேர்த்துக் காட்டுகிறது. இல்லாத இடத்தில் மான் எழுந்து வருகிறது. பார்க்கும்போது மயிர்க்கூச்செறியும். கைபேசியிலும் இப்போது கிடைக்கிறது.

ஆனால் உஷார். அந்தச் சிவப்பு நிஜச் சிவப்பு அல்ல, கணக்குச் சிவப்பு. கல்லின் கறையையும் பூஞ்சையையும் கூட அது இழுத்துக் காட்டும். கறையில் எழுத்தைப் பார்க்கிறவர்களும் உண்டு. கீழ்வாலைக் குறியீடுகளையும் கரிக்கையூர்க் குறியீடுகளையும் சிந்துவெளி எழுத்தோடு ஒப்பிட்டு எழுதினார்கள். ஆராயட்டும், தப்பில்லை. ஆனால் ஐயாயிரம் ஆண்டு என்று ஒரு எண்ணை மேடையில் முழங்குவதற்கும், சாயத்தையோ அதன் மேல் படிந்த சுண்ணாம்புப் படலத்தையோ சோதித்துக் காலம் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் அப்படிப் படலத்தைச் சோதித்துத்தான், ஒரு குகை ஓவியம் குறைந்தது 51,200 ஆண்டுப் பழமை என்று 2024இல் அறிவித்தார்கள். நம் ஊர் ஓவியங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொல்லப்படுவது பாணியையும் உருவத்தையும் வைத்துச் செய்த கணிப்புத்தான். அதனால் ஒரு விதி: மென்பொருள் படத்தை வெளியிட்டால் பக்கத்திலேயே தொடாத மூலப் படத்தையும் வெளியிட வேண்டும். மங்கலாக இருந்தாலும் சரி.

*

பழமை யாருக்கு வேண்டியிருக்கிறது என்பதையும் பேச வேண்டும். "ஆதித் தமிழன் வரைந்தது" என்று நெஞ்சு நிமிர்த்துகிறார்கள். ஆதி என்ற சொல் பாறையில் இருந்தால் பெருமை. சாதிச் சான்றிதழில் ஆதிதிராவிடர் என்று இருந்தால் முகம் சுளிப்பு. இந்த இரட்டை நாக்கை எத்தனை நாள் பொறுப்பது?

நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாறையில் வரைந்தவன் பறையன் என்றோ, பள்ளன் என்றோ, சக்கிலியன் என்றோ நான் உரிமை கொண்டாட வரவில்லை. அது அவர்கள் செய்கிற வேலை. ஐந்து படுக்கையைக் கண்டால் பஞ்சபாண்டவர் படுக்கை என்பது, சமணர் இருந்த குகைக்கு மேல் வேறொரு கதையை ஏற்றுவது. கதைக்குக் கீழே கதை இருக்கிறது என்று 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசர் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் கேட்பது சின்ன விஷயம். அந்தப் படத்தில் மனிதன் இருக்கிறான். எந்தத் தெரு என்று அவன் மேல் எழுதியிருக்கவில்லை. அதை அப்படியே விட்டுவைப்போம்.

கீழவளவு மலைக்கும் போனோம். அங்கே உள்ள தமிழிக் கல்வெட்டு விசித்திரமானது. எழுத்துகள் தலைகீழாக, வலமிருந்து இடமாக இருக்கின்றன. படம் எடுத்துத் திருப்பிப் போட்டால்தான் படிக்க வரும். தொண்டிக்காரர் ஒருவர் கொடுத்த பள்ளி என்று அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். எழுதியவன் மேலிருந்து தொங்கிக்கொண்டு வெட்டினானோ, எழுத்துத் தெரியாத கொத்தன் பார்த்து வெட்டினானோ, நமக்குத் தெரியாது. எனக்கு அந்தத் தலைகீழ் எழுத்து மேல் பெரிய மரியாதை. கொடுத்தவன் யார் என்று அறிஞர்கள் தேடினார்கள். உளி பிடித்தவன் பேரை யார் கேட்டார்கள்?

கீழவளவுக்கு அடுத்த ஊர் மேலவளவு. பேரைச் சொன்னால் நம் வாசகர்களுக்கு விளக்கம் வேண்டாம். ஊராட்சித் தலைவர் பதவிக்குத் தலித் வரலாமா என்ற கேள்விக்கு 1997 ஜூன் 30 அன்று பஸ்சை மறித்து அரிவாளால் பதில் எழுதினார்கள். தலைவர் முருகேசனோடு ஆறு பேர். பாரம்பரியச் சுற்றுலா என்று கீழவளவு வரை கேமராவோடு வருகிறவர்கள் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் தூரம் வந்தால் அந்த நினைவிடத்தையும் பார்க்கலாம். இரண்டும் மேலூர் வட்டாரத்து வரலாறுதான். ஒன்று பாரம்பரியம், இன்னொன்று சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று பிரித்து வைத்தது யார்?

இந்த மலைகளையே விற்றுத் தின்றதும் இதே வட்டாரத்தில்தான். மதுரை மாவட்டக் கிரானைட் கொள்ளை 2012இல் அம்பலமானது. 2014இல் உயர் நீதிமன்றம் உ. சகாயத்தை விசாரிக்க நியமித்தது. குகையும் எழுத்தும் உள்ள அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அதற்கு இரண்டே ஆண்டில், 2024இல், அந்தப் பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். சனங்கள் தெருவில் இறங்கிய பிறகு 2025 ஜனவரியில் ரத்து. பாறையைக் காப்பாற்றியவர்கள் பாறைக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள். படத்தில் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வது அறிவீனமும்கூட.

நீலகிரியிலும் அப்படித்தான். வெள்ளரிக்கோம்பையில் குறும்பர்கள் வாழ்கிறார்கள். பக்கத்தில் எழுத்துப்பாறை. அவர்களில் சிலர் இன்றும் மரப் பிசினையும் இலைச் சாற்றையும் வைத்து வரைகிறார்கள். பாறையில் இருக்கும் உருவத்துக்கும் அவர்கள் வரையும் உருவத்துக்கும் உறவு பார்க்கிறார்கள். அங்கே போய் 'அழிந்துபோன இனத்தின் கலை' என்று தலைப்புக் கொடுத்தால் அதற்கு என்ன பேர்?

*

இனி என் ஊருக்கு வருகிறேன்.

உலகத்தின் பல குகைகளில் கைத்தடங்கள் இருக்கின்றன. சுலவேசியில் உண்டு, அர்ஜென்டினாவில் உண்டு. கையைக் கல்லில் வைத்துச் சுற்றிலும் சாயத்தை ஊதியிருக்கிறார்கள். அந்தக் கைகளை எவ்வளவு அன்போடு படம் எடுக்கிறார்கள்! விரல் நீளத்தை அளந்து ஆணா பெண்ணா என்றுகூட ஆராய்கிறார்கள்.

என் கவுன்டருக்கு வரும் அம்மாக்களின் கையைப் பாருங்கள். குழாய் உருட்டி, திரி வெட்டி, சரம் பின்னி, அலுமினியப் பொடியில் புரண்டு, ரேகையே இல்லாத கைகள். மெஷினில் வைத்தால் "ரேகை விழல" என்கிறது. துடைத்துவிட்டு வைங்கம்மா, இன்னொரு விரலை வைங்கம்மா என்று நான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. பத்து விரலும் தோற்றுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. கைநாட்டு என்று நம்மைத் திட்டினார்கள். இன்றைக்கு அந்தக் கைநாட்டுக்கும் வழியில்லை. என் அம்மாவின் கட்டைவிரலும் அப்படித்தான். சாயந்திரம் வேலை முடிந்து வரும்போது அவள் கை வெள்ளி மாதிரி மினுங்கும். சின்ன வயதில் அதை அழகு என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கைகளைப் படம் எடுக்க ஆட்கள் வருவது வெடித்த பிறகுதான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் வெடித்தபோது வந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வெடிப்புகள், வந்தார்கள். கரிந்த கையைக் கிட்டத்தில் போய் எடுத்தார்கள். அந்தக் கைக்குப் பேர் போடவில்லை. உயிரோடு இருக்கும்போது அந்தக் கை என்ன செய்தது, எத்தனை ஊர்த் திருவிழாவுக்கு வெளிச்சம் கொடுத்தது என்று ஒரு படம் இல்லை. பல்லாயிரம் ஆண்டுக்கு முந்தைய கைக்கு அளவுகோல், நிற அட்டை, மெத்தென்ற வெளிச்சம், பொறுமை. நேற்று வரை என்னிடம் பணம் எடுத்த கைக்கு ஒரு ஃப்ளாஷ்.

பாறை ஓவியத்தைப் படம் எடுக்கக் கற்றதில் நான் அடைந்த லாபம் இதுதான். அந்தப் பொறுமையை எங்கே செலவழிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

*

சரி, என்ன செய்யலாம்? குறை சொல்லிவிட்டுப் போவது கவிஞனுக்குச் சுலபம். கிளார்க்காக யோசித்துச் சில சொல்கிறேன்.

ஒன்று, பதிவேடு. ஒவ்வொரு படத்துக்கும் தேதி, நேரம், திசை, வெளிச்சம், அளவு எழுத வேண்டும். கூடவே, இடத்தைக் காட்டியவர் யார், அவர் என்ன சொன்னார் என்றும் எழுத வேண்டும். அவர் சம்மதித்தால் பேரைப் போட வேண்டும், படம் எடுத்தவன் பேர் இருக்கும் அதே எழுத்தளவில். இரண்டு, இரண்டு படம். ஓவியம் மட்டும் உள்ள படம் ஆராய்ச்சிக்கு வேண்டும். யாரும் குறுக்கே நிற்கக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு படமும் எடுக்க வேண்டும். பாறை, ஆடு, ஆள், காலனி, குவாரி எல்லாம் உள்ள படம். முதல் படத்தை வெளியிடும் இடத்திலேயே இரண்டாவதையும் வெளியிட வேண்டும். மூன்று, காவல் இல்லாத இடத்துக்குச் சரியான வழி சொல்லும் விவரத்தைப் பொதுவில் போடக் கூடாது. கரிக்கையூரில் வந்தவன் போனவன் எல்லாம் கிறுக்கிச் சிதைத்தது போதும். நான்கு, படம் ஊருக்குத் திரும்ப வேண்டும். பெரிதாக அச்சடித்து அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மாட்ட வேண்டும். காலனிப் பிள்ளை அதைப் பார்த்து, இது எங்க ஆயா ஆடு மேய்க்கிற கல்லு என்று சொல்ல வேண்டும். சிவகாசியில் அச்சுக்கா பஞ்சம்?

இந்த நான்காவதை முதலில் என்னிடமிருந்தே தொடங்கினேன். ஏனென்றால் என் கணக்கில் இன்னொரு பற்றும் இருக்கிறது. அந்த மசங்கல் நேரத்துப் படம் ஒரு கண்காட்சிக்குப் போயிற்று. கீழே என் பேர் மட்டும் இருந்தது. ஒளி சொல்லிக்கொடுத்தவர் பேர் இல்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சாதி வேலை செய்வது பெரும்பாலும் இப்படித்தான், தோன்றாமலே.

இரண்டு மாதம் கழித்துப் படத்தைப் பெரிதாக அச்சடித்து எடுத்துக்கொண்டு கருங்காலக்குடிக்குப் போனேன். ஆத்தாவைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. படத்தை வாங்கி, வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கல்லு நல்லா விழுந்துருக்குப்பா" என்றார். அப்புறம் கேட்டார்: "நாங்க எங்க?"

அந்தத் தடவை எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். பிறகு இரண்டாவது படத்தை எடுத்தோம். அவர் பாறை நிழலில் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். ஆடுகள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு ஆடு பாதி வெளியே போய்விட்டது. ஓவியத்தின் ஒரு ஓரம் அவர் தோளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. நண்பன், "கொஞ்சம் தள்ளி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

அவர் பேரை இங்கே எழுதவில்லை. பத்திரிகையில் வேண்டாம் என்றார், சரி என்றேன். பள்ளிக்கூடத்தில் மாட்டப்போகும் படத்துக்குக் கீழே போடலாம் என்றிருக்கிறார். அச்சுக் கூலி என் பொறுப்பு. நம் தோழர்களில் யாரிடமாவது நல்ல கேமராவும், ஒரு பொழுது முழுக்கக் காத்திருக்கும் பொறுமையும் இருந்தால், ஆசிரியர் குழு வழியாக எனக்கு எழுதுங்கள். முதலில் மேலூர்ப் பக்கம் போவோம். பிறகு எங்கள் ஊருக்கு வாருங்கள். உயிரோடு இருக்கும் கைகளை எடுக்க வேண்டியிருக்கிறது.